உகி வினை எளிது, அதை நிரூபிப்பதுதான் கஷ்டம்

1959இல் ஐவர் உகி வெளியிட்ட நான்கு கூறு வினை, அதாவது நான்கு பொருள்கள் ஒரே குடுவையில் சேர்ந்து ஒரே மூலக்கூறாவது. மெத்தனாலில் ஆல்டிஹைடும் அமீனும், அவை இரண்டும் சேர்ந்து இமீன் உருவானபின் கார்பாக்சிலிக் அமிலம், கடைசியாக டெர்ட்-பியூட்டைல் ஐசோநைட்ரைல். ராத்திரி முழுக்கக் கலக்கவிட்டேன். காலையில் டிஎல்சியில் (கலவையைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் மெல்லிய சிலிக்கா தகடு) ஒரே புள்ளி.

முதல் தொல்லை நாற்றம். இந்த ஐசோநைட்ரைல் 91 டிகிரியிலேயே கொதிப்பது. கரைப்பானை ஆவியாக்கி நீக்கும் ரோட்டவாப்பில் மெத்தனாலோடு சேர்ந்து அதுவும் வந்துவிடும். எங்கள் ரோட்டவாப் ஃபியூம் ஹூடுக்கு (புகையை உறிஞ்சி வெளியேற்றும் அறைப்பெட்டி) வெளியே இருக்கிறது. பக்கத்து ஆய்வகத்தார் வாயுக்கசிவு என்றே புகார் கொடுத்துவிட்டார்கள். அமிலம் கலந்த மெத்தனாலில் ஹூடுக்குள் வைத்துக் கண்ணாடிச் சாமான்களை ஊறப்போடுங்கள். ஐசோநைட்ரைல் ஃபார்மமைடாக மாறி நாற்றம் அடங்கிவிடும். அவசரத்தில் அதிலேயே ப்ளீச்சை ஊற்றிவிடாதீர்கள், குளோரின் வரும்.

அப்புறம் என்எம்ஆர், மூலக்கூறின் அமைப்பைச் சிக்னல்களாகக் காட்டும் சோதனை. கருவியைப் பார்த்துக்கொள்பவர் ஸ்பெக்ட்ரத்தை ஒரு பார்வை பார்த்தார். "கலவை சார் இது, சுத்தம் பண்ணிக் கொண்டுவாங்க." பல சிக்னல்கள் இரண்டிரண்டாகத்தான் இருந்தன. மறுபடி சிலிக்கா நிரப்பிய குழாயில் (column) ஓட்டிச் சுத்தம் செய்தேன், அப்புறம் படிகமாக்கல். ஸ்பெக்ட்ரம் அசையவில்லை. இமீன் சரியாக உருவாகாவிட்டால் அமீனை விட்டுவிட்டு மற்ற மூன்றும் சேர்ந்து பாசெரினி விளைபொருள் வரும், அதுவோ என்று மாஸ் (மூலக்கூறின் நிறையைக் காட்டும் சோதனை) எடுத்தேன். உகி விளைபொருளின் நிறை மட்டுமே இருந்தது.

காரணம் பொருளுக்குள்ளேயே இருந்தது. உகி விளைபொருளில் ஒரு மூன்றாம் நிலை அமைடு உண்டு. அதன் கார்பன்–நைட்ரஜன் பிணைப்பு மெதுவாகத்தான் சுழலும். அதனால் இரண்டு ரோட்டாமர்களும் (அந்தப் பிணைப்பு திரும்பி நிற்கும் இரண்டு வடிவங்கள்) என்எம்ஆரில் தனித்தனியாகத் தெரிகின்றன. டிஎல்சி ஓடும் நேரத்துக்குள் ஒன்று மற்றொன்றாக மாறிவிட அந்த வேகமே போதும், ஒரே புள்ளிதான். சூடாக்கினால் சுழற்சி வேகமாகி இரண்டும் ஒன்றாகத் தெரியும். கருவிக்காரரிடம் சூடாக்கி எடுத்துத் தாருங்கள் என்றால், "அறை வெப்பநிலை மட்டும்தான்" என்று பதில். கெஞ்சி, வழிகாட்டியிடம் கையெழுத்து வாங்கி, டிஎம்எஸ்ஓ-டி6 கரைப்பானில் 100 டிகிரியில் ஓட்டவைத்தேன். இரட்டைச் சிக்னல்கள் அகன்று, ஒன்றாகக் கலந்துவிட்டன. அவர் திரையைப் பார்த்து "ஓ" என்றார். அந்த ஒரு எழுத்துக்காக எத்தனை சிலிக்கா வீணானது!

ஒரு எச்சரிக்கை: தொடக்கப் பொருள்களில் ஏற்கெனவே ஒரு கைரல் மையம் (இடக்கை, வலக்கை போல இரு அமைப்புகள் சாத்தியமான அணு) இருந்தால், வினையில் புதிதாக உருவாகும் மையத்தோடு சேர்ந்து டயஸ்டீரியோமர்களும் வரும், அவை உண்மையிலேயே வெவ்வேறு பொருள்கள். அவை எவ்வளவு சூடாக்கினாலும் சேராது. என் நான்கும் கைரல் அல்லாதவை, தப்பித்தேன். ஸ்பெக்ட்ரம் தாளிலேயே வெப்பநிலையை எழுதிவிடுங்கள். இல்லையென்றால் ஆய்வேட்டைத் திருத்துபவரும் "கலவை" என்பார்.