ஏரி ஓரம்: முதலில் புல், அப்புறம்தான் மரம்

மதுராந்தகம் பக்கம், எங்கள் ஊர்ச் சிற்றேரியில் வரத்துக்கால்வாய் வந்து சேரும் மூலையை ஊராட்சியில் கேட்டு வாங்கி நட்டுக்கொண்டிருக்கிறோம். வயல்களில் போட்ட உரமும் மேட்டு மண்ணும் தெருக் கழிவும் ஏரிக்குள் இறங்குவது அந்த வழியாகத்தான். அங்கேயே புல்லும் கோரையும் அடர்ந்து நின்றால் தண்ணீரின் வேகம் தணிந்து மண் வெளியிலேயே தங்கிவிடும். மரக்கன்று நட்டுப் படம் எடுக்கிற விழாவெல்லாம் வேண்டாம் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம்.

பெரிய வேலை நடுவது இல்லை, பிடுங்குவதுதான். வேலிக்காத்தானை, அதாவது சீமைக் கருவேலத்தை, மேலோடு வெட்டினால் மழைக்கு ஒன்றுக்கு நாலாகத் துளிர்க்கும், மண்ணைத் தோண்டி அடித்தூரையே எடுக்க வேண்டும். நெய்வேலிக் காட்டாமணக்கு அதைவிடப் பிடிவாதம். ஒடிந்த தண்டு ஈரத்தில் கிடந்தாலே கணுவில் வேர் விட்டுவிடும், அதனால் பிடுங்கியதை எல்லாம் மேட்டில் போட்டு, கையில் எடுத்தால் சடசடவென்று ஒடிகிற அளவுக்குக் காயவிட்டோம்.

ஐப்பசி அடைமழைக்குள் வேர் பிடிக்கட்டும் என்று ஆவணியிலேயே வெட்டிவேர்த் தூர்களைப் பிரித்து, தண்ணீர் வரும் திசைக்குக் குறுக்காக, அரைச் சாண் இடைவெளியில் வரிசை வைத்தோம். விளிம்பில் கோரை. சம்புப் புல் நாங்கள் வைக்காமலே வந்துவிட்டது. மேட்டில் நீர்மருது, புங்கன், நாவல். தண்ணீர் தேங்குமிடத்தில் செங்கடம்பு, வேடந்தாங்கல் ஏரிக்குள் மாதக்கணக்கில் நீரில் நின்று பறவைகளுக்குக் கூடு கட்ட இடம் கொடுக்கிற அதே மரம். கரைமேல் மட்டும் மரம் வைக்கவில்லை, பெரிய வேர் செத்து மக்கினால் அந்தத் துளை வழியாகக் கசிவு எடுக்கும்.

மழை விட்டதும் போய்ப் பார்த்தால் வெட்டிவேர் வரிசைக்கு மேல்பக்கம் விரல் கனத்துக்கு வண்டல், அதில் வைக்கோல் துணுக்கு, ஷாம்பு பாக்கெட், இன்னும் என்னென்னவோ. கீழ்ப்பக்கம் பழைய மண் அப்படியே தெரிந்தது. எனக்கு அந்த வண்டல் போதும், மரம் வளர்ந்தபோது வளரட்டும்.

ஆடுதான் தலைவலி. கோரைக் குருத்தைக் கரம்புவது ஒருபக்கம், எங்கேயோ தின்ற சீமைக் கருவேல நெற்றின் விதைகளைப் புழுக்கையோடு இங்கே போட்டுவிடுகிறது. புழுக்கை கிடந்த இடத்தில் இரண்டு விதையிலையோடு எட்டிப் பார்க்கும்போதே கிள்ளிவிட்டால் சுலபம், விட்டால் கடப்பாரை. ஓரத்தில் நொச்சிப் போத்து ஊன்றியிருக்கிறோம், ஆடு அதில் வாய் வைக்காது.

மாடு மேய்க்கிற பெரியவர் ஒருவர், “தம்பி, சுத்தி அடைச்சுட்டா மாடு எங்கப்பா தண்ணி குடிக்கும்?” என்று கேட்டார். நியாயம்தான். மதகுப் பக்கம் கல் பரப்பி ஒரு வழி விட்டாயிற்று. சம்பு இப்போது அளவுக்கு மீறி அடர்ந்துவிட்டது. தாழைக்கோழி குஞ்சோடு திரிவதால் அது முடியட்டும், பிறகு பாதியை மட்டும் அறுக்கலாம் என்றிருக்கிறோம்.