ஜாமீன் கிடைச்சாச்சு, ஆளு உள்ளதான்

நாகர்கோவில் கோர்ட் பக்கம் டீக்கடையில ஒரு அண்ணாச்சி: "பிடிச்ச மறுநாளே ஜாமீன்ல விட்டா களவு கூடாம என்னடே செய்யும்?" ரெண்டு தடவை ரப்பர் ஷீட்டு பறிகொடுத்த மனுசன், கோவம் நியாயந்தான்.

ஆனா ஜாமீன் உத்தரவு வந்தும் ஜாமீன்தாரர் இல்லாம உள்ள கிடக்கவனும் உண்டு. 1978-லயே மோத்தி ராம்னு ஒரு கொத்தனார் கேஸ். மாஜிஸ்திரேட் ஜாமீனுக்குக் கேட்டது 10,000 ரூபா! அண்ணன் ஜாமீன் நிக்க வந்தாரு. வேற மாவட்டத்துக்காரர்னு தள்ளிட்டாங்க. உச்ச நீதிமன்றத்துல நீதிபதி கிருஷ்ணய்யர்தான் 1,000 ரூபா சொந்த ஜாமீன்ல, அதாவது வேற ஆள் பொறுப்பு நிக்காம, விடச் சொன்னாரு.

புதுக் குற்ற நடைமுறைச் சட்டம் (BNSS) 479-ஆவது பிரிவுல, முதல் தடவை மாட்டினவன் உச்சபட்ச தண்டனையில மூணுல ஒரு பங்கை விசாரணைக் கைதியாவே உள்ள கழிச்சிருந்தா விடணும். ஆயுள், தூக்கு கேஸுக்குக் கிடையாது. பல கேஸ் நிலுவையில இருக்கவனுக்கும் கிடையாது.

சொன்னேன். "அப்ப என் ஷீட்டு?"ன்னாரு.