துளசித் தொட்டியடியில் ஒரு தேரை

அல்சூரில் எங்கள் வீட்டுத் துளசித் தொட்டியின் அடியில் சில வாரங்களாக ஒரு தேரை குடியிருக்கிறது. நேற்று மாலை செடிக்குத் தண்ணீர் ஊற்றியதும், ஈரம் கசிந்த சிமெண்டுத் தரைக்கு அது மெல்ல வந்து, பின்னங்கால்களை அகட்டி, அடிவயிற்றைத் தரையோடு ஒட்டவைத்துக்கொண்டு நெடுநேரம் அசையாமல் இருந்தது. தேரை தண்ணீர் குடிக்கும் முறையே அதுதான். அடிவயிற்றிலும் தொடைகளின் உட்புறத்திலும் உள்ள மெல்லிய தோல்தான் அதற்கு வாய்.

அந்தத் தோலை ஆள்வது வாசோடோசின் என்னும் ஹார்மோன். உடலில் நீர் குறையும்போது பிட்யூட்டரி சுரப்பி இதை இரத்தத்தில் விடுகிறது. உடனே, தோல் செல்களுக்குள் காத்திருக்கும் அக்வாபோரின் என்ற நீர்வழிப் புரதங்கள் செல்லின் மேற்பரப்புக்கு நகர்ந்து நீரை உள்ளே விடுகின்றன. சிறுநீரகம் வடிகட்டும் அளவைக் குறைத்துக்கொள்கிறது. சிறுநீர்ப்பையில் தேங்கியுள்ள, உப்புக் குறைந்த சிறுநீரிலிருந்து நீர் மீண்டும் இரத்தத்துக்குத் திரும்புகிறது. ஒரே ஹார்மோனின் சொல்லுக்கு மூன்று உறுப்புகள் ஒருசேர இசைவது எனக்குப் பெரும் வியப்பாக இருக்கிறது. பிட்யூட்டரிச் சாறு செலுத்தப்பட்ட தவளைகள் நீரில் இருக்கையில் எடை கூடுவதை 1921இல் புருன் என்பவர் கண்டறிந்ததால், இதற்குப் ‘புருன் விளைவு’ என்றே பெயர்.

அதே சிறுநீர்ப்பையில் ஆல்டோஸ்டீரோன் என்னும் வேறொரு ஹார்மோன், சிறுநீரிலிருந்து சோடியத்தை மீட்டெடுக்கச் செய்கிறது.

கையில் எடுத்தால் தேரை சிறுநீர் கழித்துவிடும் என்பது நாம் அறிந்ததே. அது இழப்பது வறண்ட நாளுக்கென்று சேமித்து வைத்த நீரை. ஆகவே அதைத் தொட வேண்டாம் என்று வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லி, தொட்டியருகே ஒரு தட்டில் தண்ணீர் வைத்திருக்கிறேன்.