இறுகிப்போன பெசல்: பழைய சீகோ 6309 மறுபடி சுழன்ற விதம்

மேசைக்கு வந்தது சீகோ 6309-7040 என்ற டைவர் வாட்ச், அதாவது கடலில் மூழ்குவோருக்கான கைக்கடிகாரம். தலையணை மாதிரி உப்பிய கேஸ் (வாட்சின் உடல்), நாலு மணிப் பக்கம் கிரவுன் (திருகும் குமிழ்), 22 மில்லிமீட்டர் ஸ்ட்ராப். பின்மூடியில் சீரியல் எண் 28 என்று தொடங்குகிறது. முதல் இலக்கம் வருடத்தின் கடைசி எண், இரண்டாவது மாதம். இந்த மாடல் 1976 முதல் 1988 வரை வந்தது. அதனால் 2 என்றால் 1982-ஐத் தவிர வேறு வருடத்துக்கு இடமில்லை. ஆகஸ்டில் செய்த வாட்ச். மெஷின் நன்றாகவே ஓடியது. பெசல்தான், கண்ணாடியைச் சுற்றி நிமிடக் குறிகளோடு இருக்கும் சுழலும் வளையம், கல் மாதிரி நின்றது.

இந்த மாடலில் பெசல் இரண்டு பக்கமும் சுற்றும். ஒரு சுற்றுக்கு 60 கிளிக், நிமிடத்துக்கு ஒன்று. கேஸில் ஒரு சின்னக் குழி, அதற்குள் ஒரு ஸ்பிரிங், அதன் மேல் ஒரு எஃகுக் குண்டு. பெசலின் அடிப்பக்கம் வரிசையாகப் பள்ளங்கள். சுற்றும்போது குண்டு ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்து எழுகிறது. நாம் கேட்கும் கிளிக் அதுதான். பெசல் கழன்று வராமல் பிடித்து வைப்பது ஒரு ரப்பர் கேஸ்கெட். அதாவது குண்டு, ஸ்பிரிங், ரப்பர் வளையம், பெசல். மொத்தமே இவ்வளவுதான். பூட்டிக்கொள்ள இதில் சிக்கலான பாகம் எதுவும் கிடையாது. அடைத்துக்கொள்ள இடம் மட்டும் நிறைய இருக்கிறது.

அடைப்பது எது என்று முதலில் பார்த்துவிட வேண்டும். வைத்தியம் அதைப் பொறுத்து மாறும். பெசலைக் கட்டை விரலால் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். மயிரிழை அளவு அசைந்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முட்டி நின்றால் சந்தேகம் குண்டின் மேல்: துருப்பிடித்துக் குழிக்குள் இறங்க மறுத்து, பள்ளத்தில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. எந்த அசைவும் இல்லையென்றால் சுற்று முழுக்க அழுக்கு இறுகியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் இடைவெளி குறுகலாகத் தெரிந்தால் எங்கோ இடிபட்டு பெசல் நெளிந்திருக்கலாம். அதை ஊறவைத்துச் சரிசெய்ய முடியாது. இந்த வாட்ச் இரண்டாவது வகை. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தபோது பெசலுக்கும் கேஸுக்கும் நடுவில் இடைவெளி என்று ஒன்றே தெரியவில்லை. வியர்வை உப்பு, தோல் செதில், சோப்பு எல்லாம் சேர்ந்து சாம்பல் நிறத்தில் மாக்கட்டி மாதிரி உறைந்திருந்தது.

இந்த நிலையில் பெரும்பாலானவர்கள் செய்வது இரண்டு. ஒன்று, கத்தியை விட்டு நெம்புவது. இன்னொன்று, இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விடுவது. எண்ணெய் தற்காலிகமாக இளக்கும், உண்மைதான். ஆனால் தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைகிற பொருள். ஏசி அறைக்குள் போனாலே கெட்டியாகும். மாதக்கணக்கில் பிசுபிசுத்து, புதுத் தூசியை இழுத்து, முன்பைவிட மோசமாக இறுகும். தையல் மெஷின் எண்ணெயும், டபிள்யூடி-40-ம் இங்கே வேண்டாம். கசிந்து பரவுவதுதான் அவற்றின் வேலை, கண்ணாடிக்கு அடியிலும் ஏறும். வினிகர் கூடவே கூடாது. இன்சர்ட், அதாவது பெசலின் மேல் ஒட்டியிருக்கும் நிமிடக் குறிகள் போட்ட வளையத் தகடு, அலுமினியம், அமிலம் பட்டால் நிறம் போய்விடும். நெயில் பாலிஷ் கழுவும் அசிட்டோனுக்கும் அதே தடைதான்.

உப்பையும் சோப்புப் படிவையும் கரைப்பது வெதுவெதுப்பான தண்ணீர். ஆனால் டயலில் 150 மீட்டர் என்று போட்டிருப்பதை நம்பி நாற்பது வருட வாட்சைத் தண்ணீரில் போட்டுவிடக் கூடாது. அந்த எண் புது ரப்பருக்குச் சொன்னது. ஆகவே முதலில் பின்மூடியைக் கழற்றி, ஸ்டெம்மை (கிரவுனோடு சேர்ந்த தண்டு) விடுவித்து, மெஷினையும் டயலையும் ஒன்றாகப் பின்பக்கமாக எடுத்து மூடி போட்ட டப்பாவில் வைத்தாயிற்று. மிஞ்சியது வெறும் கேஸ், கண்ணாடி, பெசல். மெஷினை எடுக்கப் பழக்கமில்லாதவர்கள் அந்த ஒரு வேலையை மட்டும் கடையில் கொடுத்து வாங்குவது நல்லது. மெஷினோடு ஊறவைத்து டயலைப் பாழாக்கினால் அதற்கு ஈடு கிடைக்காது.

ஒரு கிண்ணம் தண்ணீர், 40 டிகிரி சூடு. பாத்திரம் கழுவும் திரவம் நாலு சொட்டு. அரை மணி நேரம் ஊறவைத்து, மென்மையான பல் பிரஷ்ஷால் சுற்றித் தேய்த்து, தண்ணீரை மாற்றி மறுபடி. அதைவிடச் சூடு வேண்டாம். இன்சர்ட்டை ஒட்டியிருக்கும் பசை இளகும். முதல் தண்ணீரே அரிசி களைந்த தண்ணீர் மாதிரி கலங்கியது. மூன்றாவது முறைக்குப் பிறகு, லென்ஸில் மெல்லிய கறுப்புக் கோடாக இடைவெளி தெரிய ஆரம்பித்தது.

அங்கிருந்து பல் இடுக்கில் விடும் ஃபிளாஸ் நூல்தான் கைகொடுத்தது. மெழுகு பூசிய நூல், ஒரு முழ நீளம். பெசலின் அடியில் வளைத்து, இரண்டு முனையையும் பிடித்து ரம்பம் இழுப்பது போல மெதுவாக இழுக்க வேண்டும். முதலில் நூல் உள்ளே போகாது. ஒரு இடத்தில் அரை மில்லிமீட்டர் இறங்கினால் போதும், அங்கிருந்து இரண்டு பக்கமும் நகர்த்தலாம். நூல் வெளியே வரும்போது அதில் சுருட்டிக்கொண்டு வரும் கருஞ்சாம்பல் பசையைப் பார்த்தால் இத்தனை வருடம் இதற்குள் என்ன இருந்தது என்று புரியும். நூல் சுத்தமாக வரும்வரை ஊறல், பிரஷ், நூல் என்று மாற்றி மாற்றி ஆறு தடவை. இரண்டு நாள் ஆயிற்று. அவசரப்படுவதில் லாபமே இல்லை. ஊறும் நேரத்தில் வேலை தானாக நடக்கிறது.

மூன்றாம் நாள் காலையில் ஊசி முனையால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நாலு இடத்தில் ஒரு சொட்டு விட்டு, கால் மணி கழித்துத் திருப்பிப் பார்த்தாயிற்று. பிடிப்புக்கு பிளையர் எடுக்காதீர்கள். பெசலின் பல் வரிசையில் ஒரு தடம் விழுந்தால் போகாது. பழைய சைக்கிள் ட்யூப்பை வெட்டி மேசையில் விரித்து, வாட்சைக் குப்புற வைத்து, கேஸை இரண்டு கையாலும் பிடித்துத் திருகினால் விரலால் கிடைக்காத பிடி கிடைக்கும். மேலிருந்து அழுத்தம் குறைவாக இருக்கட்டும், அழுத்தினால் ரப்பரும் சேர்ந்து இறுக்கும். அரை கிளிக் நகர்ந்தது. உடனே எதிர்ப்பக்கம் அரை கிளிக். இப்படி முன்னும் பின்னுமாகப் பத்து நிமிடம். அதற்குப் பிறகு முழுச் சுற்று சுற்றியது, மணலை அரைக்கிற சத்தத்தோடு.

முன்னும் பின்னும் திருப்புகிற இந்த உத்தி 6309-க்குப் பொருந்தும். 1996-இல் வந்த சீகோவின் இன்னொரு டைவர் வாட்ச் எஸ்கேஎக்ஸ்007 மாதிரி ஒரு பக்கம் மட்டும் சுற்றும் பெசலில் கடிகாரச் சுற்றுக்கு எதிராக மட்டுமே முயல வேண்டும். மறுபக்கம் வலுவாகத் திருப்பினால் உள்ளே இருக்கும் கிளிக் ஸ்பிரிங் வளைந்தோ உடைந்தோ போகும். ஒரு பக்கம் மட்டும் சுற்றுவதற்குக் காரணம் உண்டு. கடலடியில் பெசல் தவறி இடிபட்டு நகர்ந்தாலும், மூழ்கியிருக்க மிச்சமிருக்கும் நேரத்தைக் குறைத்துக் காட்டலாமே தவிர கூட்டிக் காட்டக் கூடாது.

சுற்ற ஆரம்பித்ததும் வேலை முடிந்தது என்று நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அது தப்பு. குண்டு இருக்கும் குழிக்குள் இப்போது உப்புத் தண்ணீர் நிற்கிறது. அப்படியே விட்டால் ஸ்பிரிங் துருப்பிடித்து அடுத்த தடவை நிஜமாகவே பூட்டிக்கொள்ளும். பெசலைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அழுக்கு போய்விட்டதால் இப்போது அது எளிது.

கேஸின் விளிம்பில், கிரவுனுக்கு எதிர்ப்பக்கம், மூன்று அடுக்கு மாஸ்கிங் டேப். மெல்லிய அகலமான கத்தி முனையைப் படுக்கை வாட்டில் பெசலின் அடியில் நுழைத்து, நெம்பாமல், கத்தியை அச்சில் கொஞ்சமே கொஞ்சம் முறுக்க வேண்டும். ஒரே இடத்தில் தூக்கினால் பெசல் நெளியும், கூடவே அலுமினிய இன்சர்ட்டும் மடியும். மடிந்த இன்சர்ட் மறுபடி தட்டையாகாது. கால் மில்லிமீட்டர் எழுந்ததும் அந்த இடத்தில் பிளாஸ்டிக் அட்டைத் துண்டு ஒன்றைச் செருகிவிட்டு, அடுத்த இடத்துக்குப் போங்கள். மூன்று நாலு இடம் போனதும் 'பொத்' என்று விட்டுக்கொடுக்கும்.

அந்த நொடியில்தான் குண்டு பறக்கும். ஆகவே கடைசிக் கட்டத்தை ஒரு பெரிய, ஒளி ஊடுருவும் பாலித்தீன் பைக்குள் கையையும் வாட்சையும் வைத்துச் செய்ய வேண்டும். கடுகைவிடச் சின்னக் குண்டு, தரையில் விழுந்தால் கிடைக்காது. இந்த வாட்சில் அது பறக்கவில்லை. குழிக்குள்ளேயே பாதி இறங்கி, துருவும் அழுக்கும் பிடித்து உட்கார்ந்திருந்தது. ஆல்கஹால் ஒரு சொட்டு, பத்து நிமிடம், பிறகு காந்தமேற்றிய ஊசி முனை. வெளியே வந்ததும் பார்த்தால் குண்டின் மேல்பாதி பளபளப்பு, கீழ்ப்பாதி செம்பழுப்பு, நடுவில் கோடு போட்ட மாதிரி. ஸ்பிரிங் இரண்டு துண்டாக வந்தது.

குண்டும் ஸ்பிரிங்கும் மாற்றியாக வேண்டும். அளவை யூகிக்காதீர்கள். பழைய குண்டைத் துரு நீக்கிக் காலிப்பரில் அளக்கலாம். குண்டு தொலைந்துவிட்டால் 0.8, 0.9, 1.0 மில்லிமீட்டர் டிரில் பிட்களின் தண்டைக் குழியில் விட்டுப் பார்த்து, தாராளமாக இறங்கும் அளவை எடுத்துக்கொள்ளலாம். பெரிய குண்டு உள்ளே இறங்காமல் மறுபடி பூட்டும்.

குழியைப் பல்குச்சியைக் கூராக்கித் துடைத்து, காலிக் கேஸை அல்ட்ராசோனிக்கில் (ஒலி அதிர்வால் கழுவும் மெஷின்) ஐந்து நிமிடம் போட்டாயிற்று. பெசலை அதில் போடக் கூடாது. இன்சர்ட்டின் பசை, பெயின்ட், 12 மணி முக்கோணத்தில் உள்ள ஒளிரும் முத்து மூன்றும் அதிர்வில் பெயரும். பெசலின் அடிப்பள்ளங்களை மட்டும் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்தால் போதும். இன்சர்ட் வெளிறியிருந்தாலும் அதை மாற்றச் சொல்ல மாட்டேன். கறுப்பு சாம்பலாக மாறிய அந்த நிறம் நாற்பது வருட வெயிலில் வந்தது, கடையில் கிடைக்காது. மாற்றியே தீர வேண்டுமென்றால் பழையதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

கேஸ்கெட் வெளியே வரும்போது எந்தப் பள்ளத்தில், எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நகத்தால் அழுத்தினால் தடம் விழாத ரப்பர் செத்த ரப்பர். இதிலும் அப்படித்தான், பிளாஸ்டிக் கம்பி மாதிரி விறைத்து நின்றது. 6309-க்கென்று விற்கும் புது வளையங்கள் எல்லாம் ஒரே தடிமனில் வருவதில்லை. தடிமன் கூடினால் பெசல் மாட்டவே மாட்டாது, மாட்டினாலும் சுற்றாது. குறைந்தால் சட்டைக் கையில் பட்டுக் கழன்று விழும். இரண்டு மூன்று வாங்கி ஒப்பிட்டு, எண்ணெய் தடவாமலே பெசலைக் கையால் அழுத்தி மாட்ட முடிகிறதா என்று முதலில் ஒத்திகை பாருங்கள். அப்போது குண்டை வைக்காதீர்கள்.

பூட்டும்போது சிலிக்கான் கிரீஸ் மட்டும். வாசலின் என்ற பெட்ரோலியம் ஜெல்லி சில வகை ரப்பரை ஊதவைக்கும், வெயிலில் இளகி வழியும். வளையத்தை கிரீஸ் தடவிய விரல்களுக்கு நடுவே ஒருமுறை உருவினால் போதும். பார்த்தால் மினுமினுக்க வேண்டும், தொட்டால் ஒட்டக் கூடாது. குழியில் ஒரு துளி கிரீஸ், ஸ்பிரிங், அதன் மேல் குண்டு. குண்டு கிரீஸிலேயே ஒட்டி நிற்கும். பெசலைச் சாய்க்காமல் நேராக வைத்து, இரண்டு கட்டை விரலாலும் எதிரெதிர் ஓரத்தில் ஒரே சமயம் அழுத்த வேண்டும். ஒரு பக்கம் முதலில் இறங்கினால் மறுபக்கம் ரப்பர் பிதுங்கி மடியும். பிரஸ் வைத்து அழுத்துவதானால் அச்சு கண்ணாடியைத் தொடாத அகலத்தில் இருக்கட்டும்.

'டக்' என்று உட்கார்ந்தது. ஒரு சுற்று எண்ணிப் பார்த்ததில் 60 கிளிக். ஆனால் முக்கோணம் 12-க்கு நேராக நிற்காமல் அரை நிமிடம் தள்ளி நின்றது. குற்றம் குண்டிலோ பெசலிலோ இல்லை. யாரோ முன்பு இன்சர்ட்டைக் கழற்றிக் கோணலாக ஒட்டியிருக்கிறார்கள். தலைமுடி உலர்த்தும் டிரையரை ஒரு சாண் தூரத்தில் பிடித்து ஒரு நிமிடம் சூடு காட்டியதும் பசை இளகி, ரப்பர் துண்டால் தள்ளியபோது இன்சர்ட் நகர்ந்து நேரானது.

மெஷினைத் திரும்ப வைத்து, பின்மூடிக்கும் கிரவுனுக்கும் புது ரப்பர் போட்டாயிற்று. தண்ணீரைத் தடுப்பவை அவையும் கண்ணாடியின் கேஸ்கெட்டும்தான். பெசலின் ரப்பருக்கு அதில் பங்கில்லை. அழுத்தச் சோதனையில் தேறினால், கடலில் நனைந்த அன்று குழாய்த் தண்ணீருக்கு அடியில் பெசலை இரண்டு சுற்று சுற்றிக் கழுவலாம். தேறாவிட்டால் மாதம் ஒருமுறை ஈரத் துணியும் ஒரு முழம் ஃபிளாஸ் நூலும்.