ஆற்றடி இழுவைப் படகில் ரெக் டைவர் தேர்வு: திருகோணமலையில் இருந்து தயாராகிறவர்களுக்கு

திருகோணமலையில் சுழியோடப் பழகியவர்களுக்குத் தெளிந்த தண்ணீரே பெரிய குறை. நல்ல நாளில் புறாத்தீவைச் சுற்றியும் கோணேசர் மலை அடியிலும் கூட வருபவரைத் தேட வேண்டியதில்லை, திரும்பினால் தெரிவார். அதே ஆள் ஆற்றடியில் மூழ்கிக் கிடக்கும் ஓர் இழுவைப் படகுக்குள் (கப்பல்களை இழுக்கும் 'டக்' படகு) தேர்வுக்கு இறங்கினால் நீட்டிய கையின் விரல்கூடத் தெரியாது. வேலைக்கோ படிப்புக்கோ வெளிநாடு போய் அங்கே ஆற்றில் ரெக் டைவர் (மூழ்கிய கப்பல்களில் சுழியோடுபவர்) சான்றிதழ் எடுக்க நினைக்கிறவர்கள், இங்கிருந்தே பழகிக்கொண்டு போக வேண்டியவற்றை இதில் எழுதுகிறோம்.

சுழியோடப் பயிற்றிச் சான்றிதழ் தரும் பி.ஏ.டி.ஐ. (PADI) அமைப்பின் பயிற்சியில் நான்கு இறக்கங்கள், குறைந்தது இரண்டு நாள். வயது 15 நிரம்பியிருக்க வேண்டும். முதல் இறக்கத்தில் படகை வெளியே சுற்றிப் பார்த்து ஆபத்துகளைக் குறிக்க வேண்டும். இரண்டாவதில் வரைபடம், மூன்றாவதில் வெளிப்புறமாக ரீல் கயிறு (பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்ப உதவும் கயிறு) விடுதல், நான்காவதில் உள்நுழைவு. உள்ளே போனாலும் வாசல் வெளிச்சம் கண்ணில் படும் எல்லைக்குள் நிற்க வேண்டும். மேற்பரப்பில் இருந்து ஆழத்தையும் உள்ளே போன தூரத்தையும் கூட்டினால் 40 மீற்றரைத் தாண்டக் கூடாது. எழுத்துத் தேர்வில் இந்தக் கூட்டல்தான் வரும்: படகு 22 மீற்றரில் கிடந்தால் உள்ளே எவ்வளவு? 18. அந்த 18 மீற்றரும் வெளிச்சம் இருந்தால் மட்டும்.

பயிற்சிக்கு இழுவைப் படகு நல்ல தேர்வு என்பது எங்கள் கருத்து. பெரிய கப்பலில் ஒரு மூலையைப் பார்க்கவே காற்று முடிந்துவிடும். இருபது, முப்பது மீற்றர் நீளமுள்ள இழுவைப் படகை ஒரே இறக்கத்தில் முழுதாகச் சுற்றலாம்: முன்னால் உயர்ந்த சுக்கான் அறை, பின்னால் புகைபோக்கி, அதன் கீழே இயந்திர அறை, பின்தளத்தில் இழுவைக் கயிறு கட்டும் தடித்த இரும்புக் கட்டை, விளிம்பெங்கும் தொங்கும் டயர்கள். மால்ற்றாவில் 1992இல் வேண்டுமென்றே மூழ்கடித்த 'ரோசி'யும் குராசாவோவில் ஐந்து மீற்றர் ஆழத்தில் கிடக்கும் சின்ன இழுவைப் படகும் இதனால்தான் பெயர் எடுத்தவை. ஆனால் அவை இரண்டும் கடலில், கண்ணாடிபோலத் தெளிந்த தண்ணீரில் இருப்பவை. அந்தக் காணொளிகளைப் பார்த்து ஆற்றை மதிப்பிட வேண்டாம்.

ஆற்றில் முதலில் மாறுவது எடை. நன்னீர் கடல் நீரைவிட ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டரை பங்கு லேசானது. ஆளும் சாமானும் சேர்ந்து 100 கிலோ என்றால் நிலாவெளியில் கட்டிய ஈயத்தில் 2 முதல் 3 கிலோவைக் கழற்ற வேண்டும். கழற்றாமல் இறங்குபவர் அடியில் முழங்கால் ஊன்றுவார், வண்டல் கிளம்பும், பின்னால் வருகிற எல்லாருக்கும் இறக்கம் அதோடு முடிந்தது. ஆழம் காட்டும் டைவ் கணினியையும் நன்னீருக்கு மாற்றுங்கள். கடலில் 10 மீற்றருக்கு ஏறும் அழுத்தம் ஆற்றில் ஏற 10.3 மீற்றர் வேண்டும்.

டைவ் மாஸ்டர் (மற்றச் சுழியோடிகளை வழிநடத்துபவர்) தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இதே கணக்கு, காற்று நிரப்பிப் பாரம் தூக்கும் பையாக வரும். 150 கிலோ நங்கூரம், 60 லீற்றர் தண்ணீரை விலக்குகிறது, ஆற்றில் 20 மீற்றர் ஆழம். 150இல் 60ஐக் கழித்தால் 90, ஆகவே பைக்குள் 90 லீற்றர் காற்று. அதுவே கடலானால் 60ஐ 1.03ஆல் (ஒரு லீற்றர் கடல் நீரின் எடை, கிலோவில்) பெருக்கிக் கழித்து, மிச்சத்தைத் திரும்ப 1.03ஆல் வகுக்க வேண்டும்: 85.6 லீற்றர். பலர் அந்தக் கடைசி வகுத்தலை விட்டுவிடுகிறார்கள். மேற்பரப்புக் காற்றாக எவ்வளவு என்று கேட்டால் ஆற்றில் 20ஐ 10.3ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டுங்கள், 2.94 பார் (அழுத்தத்தின் அலகு) வரும். 90 லீற்றருக்கு ஏறக்குறைய 265. பழக்கத்தில் 10ஆல் வகுத்தால் 270 வரும். கேள்வித்தாளில் அந்த விடையும் ஒரு தெரிவாக இருக்கலாம்.

காற்றுக் கணக்கில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். மூன்றில் ஒரு பங்கு இறங்கவும் உள்ளே போகவும், ஒரு பங்கு திரும்பி மேலே வர, ஒரு பங்கு தொடாத சேமிப்பு. 12 லீற்றர் சிலிண்டரில் 200 பார் என்றால் ஒரு பங்கை 60 பாராகக் கீழ்ப்பக்கம் முழுமையாக்குங்கள், 140இல் திரும்ப வேண்டும். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லீற்றர் எடுப்பவர் 12 மீற்றரில் 44 லீற்றர் எடுப்பார். 60 பார் என்பது 720 லீற்றர், அதாவது இறங்கும் நேரத்தையும் சேர்த்து 16 நிமிடம். தப்பு நடக்கும் இடம் வாசல். வெளியே சுற்றிப் பார்த்து 150 பாருடன் வாசலுக்கு வந்து, அங்கிருந்து புதிதாக 60 எண்ணத் தொடங்குகிறார்கள். உள்ளே 60, திரும்ப 60 போனால் கையில் 30 பார். அந்த நேரம் கூட வந்தவருக்குக் காற்று நின்றால் இருவருக்கும் அது காணாது. 150இல் வாசலில் நின்றால் அன்றைக்கு உள்ளே போகக் கூடாது, அவ்வளவுதான்.

சோடியின் சிலிண்டர் 10 லீற்றர் என்றால் அவருடைய 60 பார் 600 லீற்றர். பெரிய சிலிண்டர்காரரும் 600 லீற்றர் செலவானதும் திரும்ப வேண்டும், அவருக்கு அது 50 பார். 720 லீற்றர் செலவழித்து உள்ளே போனவரை 600 லீற்றர் சேமிப்புள்ளவரால் வெளியே கொண்டுவர முடியாது.

ரீலைத் தண்ணீரில் பழகுவதற்கு முன் தரையில் பழகுங்கள். உப்புவெளிப் பக்கம் தென்னை மரங்களுக்கிடையே 30 மீற்றர் கயிறு விட்டு, முகக்கண்ணாடியை அலுமினியத் தாளால் மறைத்துக்கொண்டு திரும்பி வாருங்கள். முதல் முடிச்சு வாசலுக்கு வெளியே, திறந்த தண்ணீரில். இரண்டாவது வாசலுக்குச் சற்று உள்ளே. அதன் பிறகு திசை மாறும் இடங்களில் ஒரு சுற்று. கயிறு எப்போதும் விறைப்பாக, ஒரே பக்கச் சுவரோடு ஒட்டிப் போக வேண்டும். ரீல் சுழலும்போது பெருவிரலை அதன் விளிம்பில் மெல்ல வைத்திருங்கள். விரலை எடுத்தால் ரீல் தானாகச் சுழன்று கயிறு குருவிக்கூடு மாதிரிச் சிக்கிவிடும். உள்ளே போகும்போது ரீல்காரர் முன்னால், வரும்போது கடைசியில். மற்றவர் பெருவிரலும் சுட்டுவிரலும் வளையமாகக் கயிற்றைச் சுற்றிப் பிடித்தபடி வருவார், இழுக்கக் கூடாது.

வண்டல் கிளம்பி எல்லாம் கறுத்துப்போனால் முதலில் நிற்க வேண்டும். துடுப்பை ஒருமுறை அடித்தாலும் அதுவரை கலங்காமல் இருந்த இடமும் கலங்கும். கயிற்றைத் தொட்டு, சோடியின் கையைத் தொட்டு, முன்பே பேசிக்கொண்ட தொடுகைச் சைகையில் வெளியே போங்கள். உங்கள் குமிழிகளும் சேதம் செய்யும். கூரையில் ஒட்டிய துருவையும் சேற்றையும் அவைதான் உதிர்க்கின்றன, ஆகவே ஆடாமல் நின்றாலும் தண்ணீர் கலங்கிக்கொண்டே வரும். கால் அடிப்பதைத் தவளை நீச்சலாக மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆற்றுப் படகில் வண்டலைவிட எங்களுக்குப் பயம் தங்கூசி. நீரோட்டம் கொண்டுவரும் வலைத்துண்டும் தூண்டில் நரம்பும் ஆற்றை எதிர்த்து நிற்கும் பக்கத்திலும் காற்றாடியிலும் சேரும். டோர்ச் வெளிச்சத்தில்கூடத் தெரியாது, சிலிண்டர் வால்வில் மாட்டிய பிறகுதான் தெரியும். மாட்டினால் திரும்பிப் பார்க்கக் கூடாது, திரும்பினால் இன்னொரு சுற்றுச் சுற்றும். ஓரடி பின்னே நகர்ந்து சோடியை வெட்டவிடுங்கள். வெட்டும் கருவி இரண்டு வேண்டும், எந்தக் கைக்கும் எட்டும்படி மார்பில். காலில் கட்டிய கத்தி ஒடுங்கிய அறையில் எட்டாது. டோர்ச்சும் ஆளுக்கு இரண்டுக்குக் குறையக் கூடாது. உள்ளே போனால் மூன்று.

இறங்குவது ஆற்றை எதிர்கொள்ளும் முனையில் கட்டிய இறங்கு கயிற்றில். உடம்பின் மறைவுக்குப் படகில் நீரோட்டம் போகும் திசையில் உள்ள பக்கத்தைப் பயன்படுத்துங்கள், அங்கே ஓட்டம் தணிந்திருக்கும். ஏறுவதும் அதே கயிற்றில். கயிற்றைத் தவறவிட்டால் மிதவைக் குழாயை அனுப்பிவிட்டுத்தான் மேலே வர வேண்டும், ஆற்றில் படகுகள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கும்.

வரைபட இறக்கத்தில் திசைகாட்டியை இரும்போடு ஒட்டிப் பிடித்தால் முள் பொய் சொல்லும். படகில் இருந்து சில மீற்றர் விலகிக் கோணத்தை எடுங்கள். 10 மீற்றருக்கு உங்களுக்கு எத்தனை காலடிப்பு என்பதை முதல் நாளே அளந்து சிலேட்டில் எழுதுங்கள்.

இங்கே பழகக் காலம் சித்திரை முதல் புரட்டாதி வரை. வாடை தொடங்கினால் கிழக்குக் கடல் இறங்க விடாது. கலங்கலுக்குப் பழக வேண்டும் என்று மகாவலி கொட்டியாரக்குடாவில் விழும் மூதூர்ப் பக்கம் போகாதீர்கள், அந்த முகத்துவாரங்களில் முதலை உண்டு. உள் துறைமுகத்தில் கடற்படை அனுமதி இல்லாமல் இறங்க முடியாது. 1942 ஏப்ரல் 9 யப்பானியக் குண்டுவீச்சில் எரிந்த 'சகாயிங்' கப்பல் அங்கேதான் பல காலம் கிடந்தது. கடற்படை 2018இல் ஓட்டைகளை அடைத்து, தண்ணீரை இறைத்து அதை மிதக்கவைத்து, வேறிடத்தில் திரும்ப மூழ்கடித்தது. பாரம் தூக்கும் பாடத்தைப் படிக்கிறவர்கள் அந்தச் செய்தியைத் தேடி வாசிக்கலாம்.

இன்னொன்று, பேருந்து. சுழியோடிய பின், ஒரே இறக்கம் என்றால் 12 மணித்தியாலமும் பல இறக்கங்கள் என்றால் 18 மணித்தியாலமும் விமானம் ஏறக் கூடாது என்று படித்திருப்பீர்கள். அந்த விதி 600 மீற்றருக்கு மேலே உள்ள உயரங்களை நினைத்துச் சொன்னது, ஆகவே மலை ஏறும் பேருந்துக்கும் பொருந்தும். கண்டி அதற்குச் சற்றுக் கீழே நிற்கிறது. நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேல். பயிற்சி முடிந்த அன்றிரவே மலையகம் ஏறுகிறவர்கள் மறுநாள் பின்னேரப் பேருந்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.