வெளுத்த குழியும் கவிழ்ந்த கோடும்

2022 டிசம்பர் முதல் வாரத்தில் சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் ஒரு வங்கிக் கிளையின் வாசலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். எனக்கு முன்னால் மடக்கு நாற்காலியோடு வந்திருந்த ஒரு சீனப் பாட்டி. பின்னால் அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்த ஓர் இளைஞர். எல்லோருக்கும் ஒரே வேலைதான். மத்திய சேம நிதியின் (சம்பளத்தில் பிடித்து ஓய்வுக்காலத்துக்குச் சேர்த்துவைக்கும் நிதி) சாதாரணக் கணக்கில் 2.5 விழுக்காட்டில் தூங்கிக்கொண்டிருந்த பணத்தை எடுத்து, அரசு கடன் வாங்க ஏலத்தில் விற்கும் ஆறு மாதக் கருவூலப் பத்திரத்தில் போட வேண்டும். ரொக்கத்தில் வாங்குவதென்றால் வீட்டிலிருந்தே கைப்பேசியில் முடித்துவிடலாம். சேம நிதிப் பணம் என்றால் அப்போது நேரில் வந்துதான் ஆக வேண்டும்.

என்னை அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்தியவர் அண்ணன். ஓய்வுபெற்ற பொறியாளர், நாள் முழுக்கப் பொருளாதாரச் செய்தி படிப்பவர். "வட்டி வளைகோடு கவிழ்ந்துவிட்டது, அம்மாடி. அமெரிக்காவில் ஜூலையிலிருந்தே இரண்டாண்டுப் பத்திரம் பத்தாண்டுப் பத்திரத்தைவிட அதிக வட்டி தருகிறது. இது நடந்தால் பொருளாதார மந்தம் நிச்சயம். கையில் இருப்பதைக் குறுகிய காலத்தில் போட்டுவிட்டுக் காத்திரு" என்றார். வழக்கமாக நீண்ட காலத்துக்குக் கடன் கொடுப்பவர்தான் கூடுதல் வட்டி கேட்பார். காலத்தைக் கீழேயும் வட்டியை மேலேயும் வைத்து வரைந்தால் கோடு மேல்நோக்கி ஏறும். வட்டி சீக்கிரம் இறங்கப்போகிறது என்று சந்தை நினைத்தால் எல்லோரும் நீண்ட காலப் பத்திரத்தை அள்ளுவார்கள். அதன் விலை ஏறும், வட்டி இறங்கும், கோடு கவிழும். அவ்வளவுதான் அதன் இரகசியம்.

எனக்குப் பொருளாதாரம் தெரியாது. ஆனால் வளைகோடு தெரியும். உணவுப் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது.

நிலக்கடலையிலும் மிளகாய்த் தூளிலும் பூஞ்சையால் வரும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை எலிசா என்ற நிறச் சோதனையில் அளப்போம். அளவு தெரிந்த ஆறு கரைசல்களை முதலில் ஒரு தட்டின் சிறு குழிகளில் விட வேண்டும். பிறகு மாதிரிகள். கடைசியில் அமிலம் சேர்த்ததும் நீலம் சட்டென்று மஞ்சளாகும். அந்த மஞ்சளின் அடர்த்தியைக் கருவி 450 நானோமீட்டரில் படிக்கும். இந்தச் சோதனையில் எல்லாமே தலைகீழ்: குழி பளிச்சென்று மஞ்சளாக இருந்தால் பொருள் சுத்தம், வெளுத்திருந்தால் நஞ்சு அதிகம். தெரிந்த ஆறு அளவுகளை வைத்து, நஞ்சிலிருந்து நிறத்துக்குப் போகும் ஒரு கோட்டை வரைகிறோம். வேலை முடிந்ததும் அதே கோட்டைப் பின்னாலிருந்து படிக்கிறோம், நிறத்திலிருந்து நஞ்சுக்கு. கவிழ்வது ஒன்று, திருப்பிப் படிப்பது வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'இன்வெர்ஷன்' என்ற ஒரே சொல்லைச் சொல்லிக் குழப்புவார்கள். அண்ணன் சொன்னது முதலாவது. ஆனால் கவிழ்ந்த கோட்டைப் பார்த்து "மந்தம் வரும்" என்று சொன்னாரே, அது இரண்டாவது. விளைவைப் பார்த்துக் காரணத்துக்குப் போவது. என் தொழில்.

அந்தத் தொழிலில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு ஒரு பெரிய தவறு செய்தேன். ஒரு மிளகாய்த் தூள் மாதிரி. குழி ஏறக்குறைய வெளுத்துப்போயிருந்தது. என் கோட்டின் கடைசிக் கரைசல் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். கணினியோ கோட்டைத் தன்பாட்டுக்கு நீட்டி "34" என்று காட்டியது. நான் 34 என்றே எழுதிவிட்டேன். மேற்பார்வையாளர் ஒரு மலாய் அம்மையார், சத்தம் போடவில்லை. "ஐந்து மடங்கு நீர்த்துவிட்டு மறுபடி பார்" என்று மட்டும் சொன்னார். பார்த்தேன், 9.6 வந்தது. ஐந்தால் பெருக்கினால் 48. அறிக்கை வாடிக்கையாளர் கைக்குப் போகும் முன்பே திருத்திவிட்டோம். இருந்தாலும் அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

ஏன் அப்படி என்று அவர்தான் ஒரு தாளில் போட்டுக் காட்டினார். கோட்டின் நடுப்பகுதி செங்குத்து: 2 மைக்ரோகிராமுக்கு நிற அளவு 1.05, 4க்கு 0.72. கடைசிப் பகுதி தட்டை: 10க்கு 0.31, 20க்கு 0.22. கருவி 0.03 பிசகினால் நடுவில் 0.2 மைக்ரோகிராம்கூடத் தவறாது. அதே 0.03 கடைசியில் பிசகினால் மூன்றுக்கும் மேல் ஓடிவிடும். முன்னோக்கிப் போகும்போது தட்டையான இடம் ஒரு தொல்லையும் தராது. பின்னோக்கி வரும்போதுதான் கழுத்தை அறுக்கும். சின்னப் பிழையைச் சரிவால் வகுக்கிறோம். சரிவு இல்லாத இடத்தில் விடை எங்கு வேண்டுமானாலும் போய் நிற்கும்.

(இதே தொல்லை கரிமக் காலக்கணிப்பிலும் உண்டு. கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த மாதிரிக்குக் கி.மு. 580 என்று வந்தபோது அண்ணன் குடும்பக் குழுவில் பட்டாசு வெடித்தார். எனக்கும் பெருமைதான். ஆனால் கரி சொல்லும் வயதை நாட்காட்டி ஆண்டாக மாற்றுவதும் ஒரு வளைகோட்டைத் திருப்பிப் படிக்கும் வேலையே. அந்தக் கோடு கி.மு. 800க்கும் 400க்கும் இடையில் கிட்டத்தட்டத் தட்டை. உலகின் எந்த மூலையில் அக்காலத்துக் கரித்துண்டு கிடைத்தாலும் இந்தச் சங்கடம் உண்டு. அதனால்தான் அகழாய்வாளர்கள் மண்ணடுக்கையும் பானை ஓட்டையும் சேர்த்தே பார்க்கிறார்கள். இதைச் சொன்னதற்கு அண்ணன் இரண்டு நாள் பேசவில்லை.)

சரி, வங்கி வரிசைக்கு வருகிறேன். நின்ற இரண்டு மணி நேரத்தில், என் கூடத்தில் ஒரு புது முறையை ஏற்கும் முன் கேட்கும் கேள்விகளை அண்ணனின் கோட்டிடம் கேட்டுப் பார்த்தேன்.

எத்தனை புள்ளிகள்? கேம்பல் ஹார்வி என்பவர் 1986இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வேட்டில் இந்தத் தொடர்பை எழுதினார். 1969 தொடங்கி 2020 வரை அமெரிக்காவில் எட்டு மந்தங்கள். எட்டுக்கும் முன்னால் கோடு கவிழ்ந்திருந்தது. ஆனால் 1966இலும் கவிழ்ந்தது, மந்தம் வரவில்லை. 2020 மந்தம் கிருமியால் வந்தது. அந்தக் கிருமியை 2019இலேயே கடன் சந்தை எப்படி மோப்பம் பிடித்தது என்று அண்ணனைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். எட்டுப் புள்ளி குறைவா என்றால், என் கோட்டில் ஆறுதான். ஆனால் அந்த ஆறையும் நானே கரைத்து விடுகிறேன். சந்தேகம் வந்தால் நாளைக்கு மறுபடி செய்வேன். 1973ஐ யார் மறுபடி கரைத்துத் தருவது?

எந்தச் சரக்குக்குப் போட்ட கோடு? இதுதான் என்னை அதிகம் உறுத்தியது. நிலக்கடலையில் போட்ட கோட்டை வைத்து மிளகாய்த் தூளைப் படிக்கக் கூடாது. மிளகாயின் நிறமும் எண்ணெயும் விடையைக் கெடுத்துவிடும். சிங்கப்பூர் நாணய ஆணையம் 1981 முதல் சிங்கப்பூர் வெள்ளியின் (டாலரின்) மாற்று விகிதத்தைக் கொண்டே நாணயக் கொள்கையை நடத்துகிறது, வட்டியைக் கொண்டு அல்ல. இங்கே வட்டி பெரும்பாலும் அமெரிக்கக் காற்று அடிக்கும் பக்கம் சாயும். அப்படியென்றால் நம் கோடு கவிழ்ந்ததைப் பார்த்து நம் பொருளாதாரத்தைப் படிப்பது, கடலைக் கோட்டில் மிளகாயைப் படிப்பதுதானே?

ஆகவே வரப்போகிற மந்தத்தைப் பற்றி எந்த முடிவுக்கும் வரக் கூடாது என்று அங்கேயே முடிவெடுத்தேன். கோடு நேரடியாகச் சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டேன்: இந்த ஆறு மாதத்துக்கு நல்ல வட்டி, அடுத்த ஆறு மாதத்துக்குச் சந்தை அவ்வளவு தர நினைக்கவில்லை. கணக்கு எளிது. ஆறு மாதத்துக்கு 4.4, ஓராண்டுக்கு 3.9 என்று வைத்துக்கொண்டால், இரண்டாம் ஆறு மாதத்துக்குச் சந்தை மனத்தில் வைத்திருப்பது சுமார் 3.4. இதற்கு ஜோசியம் வேண்டாம்.

கவுண்டரில் விண்ணப்பம் பத்து நிமிடத்தில் முடிந்தது. 30,000 வெள்ளிக்கு, வட்டி எவ்வளவு வந்தாலும் சரி என்ற பிரிவில் கேட்டேன். அண்ணன் ரொக்கத்தில், "4.5 தந்தால்தான் எடுப்பேன்" என்று வீறாப்பாகக் கேட்டிருந்தார். 8ஆம் தேதி ஏலம் 4.40இல் முடிந்தது. அதற்குக் கீழே கேட்டவர்களுக்கும் 4.40, விகிதம் குறிப்பிடாத என்னைப் போன்றவர்களுக்கும் 4.40. அண்ணனுக்குப் பூஜ்யம். என் கணக்கிலிருந்து சுமார் 29,340 வெள்ளி போனது. ஆறு மாதத்தில் 30,000ஆகத் திரும்பும்.

660 வெள்ளி லாபம் என்று துள்ளக் கூடாது. சேம நிதியில் அந்தந்த மாதத்தின் குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. டிசம்பரில் எடுத்து ஜூனில் திருப்பினால் ஏழு மாத வட்டி போகும், மாதத்துக்கு 62 வெள்ளி 50 காசு. 2.5ஐ ஏழால் பெருக்கி ஆறால் வகுத்தால் 2.92. பத்திரம் அதற்கு மேல் தந்தால்தான் வரிசையில் நிற்பதில் அர்த்தம்.

நான் எட்டு மாதம் இழந்தேன். ஜூன் நடுவில் பத்திரம் முதிர்ந்ததும் பணம் தானாகச் சேம நிதிக்குப் போய்விடும் என்று நினைத்திருந்தேன். அது வங்கியின் முதலீட்டுக் கணக்கில், வட்டியே இல்லாமல் உட்கார்ந்திருந்தது. நாமே திருப்பி அனுப்பச் சொல்ல வேண்டும். விட்டுவிட்டால் இரண்டு மாதத்துக்கு மேல் சும்மா கிடந்த பிறகுதான் வங்கி தானாக அனுப்பும். ஜூலைக் கடைசியில்தான் கண்ணில் பட்டது. 660இல் 500 போக மிச்சம் 160. அதிலும் வங்கிக் கட்டணம். யாரையும் குறை சொல்வதற்கில்லை, படிவத்தின் பின்பக்கத்தைப் படிக்காதது நான்தான்.

ரொக்கச் சேமிப்பை மட்டும் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரத்தில் போட்டேன். 2022 டிசம்பர் வெளியீடு: முதலாண்டு 3.26, பத்தாண்டுச் சராசரி 3.47. ஆண்டுக்கு ஆண்டு வட்டி இறங்கக் கூடாது என்பது அந்தப் பத்திரத்தின் விதி. சந்தைக் கோடு கவிழ்ந்தால் வட்டியைச் சரிசெய்து, படி இறங்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். "4.40 இருக்கும்போது 3.26க்கு யாராவது போவார்களா?" என்று அண்ணன் சிரித்தார். 2023இல் சிரிப்பு அவர் பக்கம்தான் இருந்தது. சந்தை நினைத்த அளவுக்கு ஆறு மாத வட்டி இறங்கவில்லை. 2025இல் அது 2 விழுக்காட்டுக்குக் கீழே போனபோது அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

2024 செப்டம்பர் தொடக்கத்தில் அமெரிக்கக் கோடு நிமிர்ந்தது. இடைப்பட்ட இரண்டாண்டில் அங்கே மந்தம் அறிவிக்கப்படவில்லை. அன்று இரவே அண்ணனிடமிருந்து செய்தி: "கோடு நிமிர்ந்த பிறகுதான் அம்மாடி உண்மையான ஆபத்து." நான் அப்போது கூடத்தில் இரவுப் பணியில் இருந்தேன். தட்டில் ஒரு குழி சந்தேகமாக வெளுத்திருந்தது. "நீர்த்துவிட்டு மறுபடி பாருங்கள் அண்ணா" என்று அனுப்பிவிட்டுப் பிப்பெட்டை எடுத்தேன்.