உள்ளே விட்ட துணி

6 செப்டம்பர் 2025, சனி

சிங்கப்பூர் தேக்கா சந்தை மாடியில் என் தையல் மிஷினுக்கு எதிரே ஒரு பெண் முகம் வாடி நின்றாள். ஆன்லைனில் 90 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கிய பழைய பட்டு. விற்றவர் லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் கட்டண வாயிலுக்கு உள்ளே நின்றபடியே பையை நீட்டியிருக்கிறார். வெளியே வந்தால் இன்னொரு கட்டணம் ஆகிவிடுமாம். புடவை நன்றாகத்தான் இருந்தது. ரவிக்கைதான் ஏறவில்லை.

“36னு போட்டிருந்தாங்க ஆன்ட்டி. எனக்கு 38. சமாளிச்சுக்கலாம்னு நெனச்சேன்.”

உள்பக்கம் திருப்பினேன். ஊரில் தைத்தது, இரண்டு பக்கமும் தாராளமாகத் துணி விட்டிருந்தார்கள். தையலைப் பிரித்து, உள்ளே இருந்த துணியை விட்டுத் தைத்துக் கொடுத்தேன். 12 வெள்ளி.

7 செப்டம்பர், ஞாயிறு

இன்றும் இரண்டு பேர், இதே கதை. இரவு படுத்த பிறகும் அதே யோசனைதான். சிரமப்பட்டு வாங்கியவர்கள் என்னிடம் வருகிறார்கள். அளவைப் பார்த்ததுமே வேண்டாம் என்று தள்ளிவிட்டவர்கள் எத்தனை பேரோ! விற்கிறவருக்கு அது 36. தைக்கிறவளுக்கு 40 வரை போகும்.

14 செப்டம்பர்

அண்ணன் மகளிடம் சொன்னேன்: பழைய புடவையை விற்பதே பாடு, விற்கும் முன்பே ரவிக்கையை அளந்து எவ்வளவு விடலாம் என்று சீட்டு எழுதிக் கொடுக்கலாம். பழைய சாமான் விற்கும் கரௌசல் செயலியை 2012ல் தொடங்கிய மூன்று பேரும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களாம், பழைய சாமான்களை விற்பது பெரும் பாடாக இருக்கிறதே என்றுதான் ஆரம்பித்தார்களாம். “நீங்களும் அதையேதான் சொல்றீங்க அத்தை” என்றாள். அவர்களுக்கு கம்ப்யூட்டர் தெரியும். எனக்கு இஞ்சு டேப்.

20 செப்டம்பர்

ஈசூனிலிருந்து ஓர் அக்கா ஏழு புடவையோடு வந்தார். சீட்டு எழுத ஒரு ரவிக்கைக்கு 5 வெள்ளி என்று பேசிக்கொண்டோம். ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதினேன்: மார்பு 36, 40 வரை விடலாம், கைச்சுற்று 12, விட முடியாது.

புடவைகளையும் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். வருடக்கணக்காக ஒரே மடிப்பில் வைத்த பட்டு அந்தக் கோட்டிலேயே இற்றுப்போகும், போட்டோவில் தெரியாது. இரண்டில் வெளிச்சம் ஊசி ஊசியாக வந்தது. அக்காவுக்கு முகம் சுருங்கியது. ஒன்று அவர் கல்யாணப் புடவை. இரண்டையும் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

28 செப்டம்பர், ஞாயிறு

என் தப்பு. அவசரத்தில் ஒரு சீட்டில் 40 வரை விடலாம் என்று எழுதிவிட்டேன். வாங்கியவருக்காகப் பிரித்தால் பழைய தையல் இருந்த இடத்தில் ஊசித்துளை வரிசையாகத் தெரிகிறது. அக்குளுக்குள் என்றால் மறையும், இது முன்பக்க டக். விட்டதற்குக் காசு வாங்கவில்லை, விற்றவருக்கு 5 வெள்ளியும் திருப்பி அனுப்பினேன். இனி சீட்டில் ‘தழும்பு தெரியும்’ என்று ஒரு வரி.

5 அக்டோபர், ஞாயிறு

தீபாவளிக்கு இன்னும் 15 நாள். சிராங்கூன் சாலையில் நடக்க இடமில்லை. இதுவரை 23 சீட்டு, அதில் 9 ரவிக்கை என்னிடமே தைக்க வந்தன. சீட்டுக் காசைவிட இதில்தான் வருமானம்.

மதியம் விற்கிறவரும் வாங்குகிறவரும் என் மேசைக்கே வந்து புடவையைப் பிரித்து, யார் கல்யாணத்துக்கு எடுத்தது என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். நிற்க இடமில்லாமல் நான் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கித் தரையில் வைத்தேன். முஸ்தஃபா கடையில் ஓர் ஆளுயரக் கண்ணாடி என்ன விலை என்று கேட்க வேண்டும்.